புது வேலையில் சேரும் முன்: இடைப்பட்ட நாட்களுக்கான உதவித்தொகையை வாங்குவது எப்படி?

மில்லில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அலைந்த பிறகு, அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லி இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரிப் பக்கம் இந்த நிலையில் இருப்பவர்களில் பலர், “அதான் வேலை கிடைத்துவிட்டதே, இனி எதற்கு ஆபீஸுக்கு அலைவது?” என்று விட்டுவிடுகிறார்கள். சம்பளமில்லாத அந்த நாட்களில் மளிகைக் கடையில் ஏறிய பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. புது வேலை கிடைத்ததால் பழைய நாட்களுக்கான உரிமை போய்விடாது. சேரும் நாளுக்கு முந்தைய நாள் வரை உங்களுக்கு உள்ளதைக் கேட்டு வாங்கலாம்.

முதலில், நீங்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்த இடத்தில் வேலை பார்த்து அதை இழந்தவருக்கு ஒரு வழி. படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு வேறு வழி. இரண்டும் ஒன்றென்று நினைத்து இ.எஸ்.ஐ. தொழிலாளி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய் நிற்பதும், வெறுங்கையோடு திரும்புவதும் வேண்டாம்.

வேலை இழந்தவருக்கு: இ.எஸ்.ஐ. வழி

இந்தத் திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. தொடக்கத்தில் சராசரி தினக்கூலியில் 25 விழுக்காடுதான் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் அதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் மொத்தம் 90 நாட்கள் வரை கிடைக்கும். அவ்வப்போது கால நீட்டிப்பு செய்துதான் இது தொடர்கிறது. அதனால் மனு கொடுக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தகுதியைப் பாருங்கள். வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. கணக்கில் ஆண்டு இரண்டு பாதி: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. வேலை போவதற்கு முந்தைய பாதியில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முன் உள்ள மூன்று பாதிகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாட்கள் இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களுக்கும், ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ போனவர்களுக்கும் இது கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்டர் இல்லையென்று ஆட்களைக் குறைக்கும் சில இடங்களில், “சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கணக்கு முடிக்கிறார்கள். அவர்கள் நிறுத்தியிருக்கும்போது நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தத் தேதியோடு, என்ன காரணத்தால் வேலை முடிந்தது என்பதை நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் கேளுங்கள். பின்னால் வரும் தகராறுகளில் பாதி இந்த ஒரு தாளில் தீர்ந்துவிடும்.

அடுத்து, நாள் கணக்கு. வேலை போன நாளிலிருந்து 30 நாட்கள் கழிந்த பிறகுதான் மனு எடுபடும். வரப்போகும் நாட்களுக்கு முன்கூட்டியே கேட்க முடியாது. கழிந்த நாட்களுக்குத்தான் பணம். முப்பது நாளுக்குள்ளேயே புது வேலையில் சேர்ந்துவிட்டால் இந்தத் தொகைக்கு வழியில்லை. அதைத் தாண்டியிருந்தால், வேலை போன நாள் முதல் புது வேலையில் சேரும் நாள் வரை உள்ள இடைவெளிக்குக் கேட்கலாம். 90 நாள் நிறைய வேண்டும் என்று காத்திருந்து, வந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பாதிக் கூலிக்காக முழுக் கூலியை இழப்பது நட்டம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவரின் இரண்டு ஆண்டுச் சம்பளம் 2,88,000. அதை 730 நாளால் வகுத்தால் தினக்கூலி ஏறக்குறைய 394 ரூபாய் 50 காசு. அதில் பாதி 197 ரூபாய் சொச்சம். ஆகஸ்ட் 31 அவருடைய கடைசி வேலை நாள், அக்டோபர் 21-ல் புது வேலை என்றால் இடையில் 50 நாட்கள். அவருக்கு வர வேண்டியது ஏறக்குறைய 9,860 ரூபாய். 90 நாளும் சும்மா இருக்க நேர்ந்திருந்தால் 17,750 வரை வந்திருக்கும்.

மனுவை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு பதியலாம். நேரில் கிளை அலுவலகத்திலும் கொடுக்கலாம். முன்பு பழைய முதலாளி வழியாகத்தான் மனு போக வேண்டியிருந்தது. 2020-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆதார் ஜெராக்ஸ், வங்கி பாஸ்புக் முதல் பக்கம், நிர்வாகம் கொடுத்த கடிதம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் காப்பீட்டு எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், இ.எஸ்.ஐ. பதிவில் வேறு இனிஷியல் என்று இருந்தால் பணம் நின்றுவிடும். இதை முதல் வேலையாகச் சரிபாருங்கள். புது வேலையில் சேர்ந்த பிறகு இதற்கென்று லீவு கேட்பது கடினம் என்பதால், கையில் இருக்கும் இந்தக் கடைசி வாரத்திலேயே அலுவலக வேலைகளை முடித்துவிடுங்கள்.

மில்லையே மூடிவிட்டார்கள், அல்லது சட்டப்படி ஆட்குறைப்பு செய்தார்கள் என்றால் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற 2005-ஆம் ஆண்டுத் திட்டத்தையும் கேளுங்கள். அதில் முதல் 12 மாதம் கூலியில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதம் 25 விழுக்காடு. வேறு வேலை கிடைத்ததும் நின்றுவிடும்.

ஜலகண்டாபுரம் பக்கம் நாலு தறி போட்டு ஓட்டும் பட்டறையில் வேலை செய்பவருக்கு இவை எதுவும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்துக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. இந்த வட்டாரத்தில் தறியை நம்பியிருக்கும் குடும்பங்களை நினைத்தால், இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்றே சொல்வேன். நூல் விலை ஏறித் தறி நிற்கும் மாதங்களில் முதலில் பட்டினி கிடப்பவர் அவர்தான்.

பதிந்து காத்திருப்பவருக்கு: தமிழக அரசு உதவித்தொகை

சேலம் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்தான் இதற்கான இடம். ஓமலூரிலிருந்து போகிறவர்கள் அஞ்சு ரோட்டில் இறங்கி, அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு ரோட்டில் போக வேண்டும்.

பதிவு செய்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். வயது 40-க்குள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 45-க்குள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது வரம்பும் வருமான வரம்பும் மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கும், நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. அஞ்சல் வழியில் படிப்பவர் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் அல்லாதவர்களுக்கு மாதத் தொகை: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். இவர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை வரும்.

72,000 என்றால் மாதம் 6,000. வீட்டில் ஒருவர் ஒழுங்காகக் கூலிக்குப் போனாலே அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். பட்டதாரிக்கு 600 ரூபாய் என்பது நேர்காணல்களுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கே பற்றாது. இரண்டையும் அரசு உயர்த்தியாக வேண்டும். அதுவரை, உள்ளதைத் தகுதியுள்ள ஒருவரும் விடக் கூடாது.

படிவம் அலுவலகத்தில் இலவசம். அதில் வருவாய் ஆய்வாளரின் கையெழுத்து வேண்டும் என்பதால், கோரிமேட்டுக்குப் போவதற்கு முன்பே உங்கள் பகுதி ஆர்.ஐ.யைப் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வேலையில் இல்லை என்ற சுய உறுதிமொழியும் தர வேண்டும்.

வேலை கிடைத்ததும் செய்ய வேண்டியது இந்த உறுதிமொழியோடு தொடர்புடையது. சேரும் தேதியைக் குறிப்பிட்டு, இன்ன நாளிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்று மையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, இல்லையென்று கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு மூப்பு போய்விடுமோ என்று பயந்து உதவித்தொகையே கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம், உதவித்தொகை வாங்குவதால் பதிவு பாதிக்கப்படாது. பதிவைப் புதுப்பிக்கும் மாதத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

சேரும் நாளில்

புதுக் கம்பெனியில் படிவம் நிரப்பும்போது பழைய இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் இதுவரை கட்டிய சந்தா ஒருபக்கம், இனிக் கட்டுவது ஒருபக்கம் என்று பிரிந்து, அடுத்த முறை 78 நாள் கணக்கு இடிக்கும். பி.எஃப்.புக்கும் அதேபோலப் பழைய யு.ஏ.என். எண்தான். இடைவெளியில் கைச்செலவுக்கென்று பி.எஃப். பணத்தை முழுக்க எடுத்துவிடாதீர்கள். மாதாந்திர ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

உதவித்தொகை மனுவில் எழுதிய சேரும் தேதியும், புதுக் கம்பெனி காட்டும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மாதச் சந்தா கட்டியதுமே அது இ.எஸ்.ஐ. கணினியில் தெரிந்துவிடும். ஒரு நாள் கூடுதலாகக் கேட்டிருந்தாலும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஏற்கெனவே புது வேலையில் சேர்ந்துவிட்டவர்களும் பழைய இடைவெளிக்கான தாள்களை எடுத்துக்கொண்டு ஒருமுறை கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-11-2526.