வீட்டுக்குள் வரும் புகை: சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

"கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா" என்று பையனை அனுப்பும் வழக்கம் உங்கள் தெருவில் இன்னும் இருக்கா? யாருக்காக வாங்கினாலும் சரி, 18 வயது நிரம்பாதவரிடம் புகையிலைப் பொருளை விற்பது குற்றம். 2003-ம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் இதைத் தடுக்கிறது. வயதைச் சரிபார்ப்பது கடைக்காரரின் பொறுப்பு. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது: குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவும் கூடாது. சுற்றுச்சுவரிலிருந்து நேர்கோட்டில்தான் கணக்கு; தெரு வளைந்து போவதைச் சேர்க்கக் கூடாது. உங்கள் போனில் உள்ள மேப்பிலேயே அளந்து பார்க்கலாம். கடை அந்த எல்லைக்குள் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

பெண்கள் விஷயம் வேறு மாதிரி. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான். புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோரோ 12.8 சதவீதம். வெற்றிலையோடு போடும் போயிலையும் இந்தக் கணக்கில் வரும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை! இன்னொன்று, அடுத்தவர் விடும் புகை. பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அதைச் சுவாசிக்கிறார்கள். கர்ப்பிணி சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, நிமோனியா, காதில் சீழ் வரும் ஆபத்து கூடுகிறது. ஜன்னலைத் திறந்தாலும், ஃபேன் போட்டாலும் புகை முழுசா போயிடாது.

2025-க்குள் புகையிலைப் பயன்பாட்டை 30 சதவீதம் குறைப்பது 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை வைத்த இலக்கு. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் உங்கள் வரவேற்பறைக்குள் வராது. அங்கே உதவக்கூடியது, சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்தோடு அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண். தமிழிலேயே பேசலாம். நிறுத்தும் தேதியை முடிவு செய்ய ஆலோசகர் உதவுவார். அந்தத் தேதிக்குப் பிறகும் அவர்களே கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க, திரும்பத் தோணுதா?" என்று விசாரிப்பார்கள்.