ஈயக் குண்டும் இறுக்கப் பொருத்தமும்

மெட்ராலஜி பாடத்தில் கிளியரன்ஸ், டிரான்சிஷன், இன்டர்ஃபியரன்ஸ் என்று மூன்று வகை ஃபிட் படிக்கிறோம். கடைசி வகைக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் எழுதுவது ரயில் சக்கரமும் அதன் டயரும்தான். துப்பாக்கிக் குண்டும் ஓர் உதாரணம் என்று சொன்னபோது வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். "குழலை விடக் குண்டு பெரிசா இருந்தா எப்படிடா வெளியே வரும்?" நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர், ஈயத்தை உருக்கித் தாங்களே குண்டு வார்க்கிறார்கள். சுத்த ஈயம் மிகவும் மிருது என்பதால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ப்பார்கள். கலவை மாறினால் சுருக்கமும் மாறும் என்பது ஃபவுண்டரியில் நாம் படித்ததே. ஒரே அச்சில் வார்த்த குண்டுகளும் விட்டத்தில் ஒன்றுபோல் இரா. ஆகவே கொஞ்சம் பெரிதாக வார்த்து, எஃகு டை வழியாக அழுத்தித் தள்ளி ஒரே அளவுக்குக் கொண்டு வருகிறார்கள். இதற்குப் பெயர் சைஸிங்.

எந்த அளவுக்கு? பெயரை நம்பினால் போச்சு. .38 ஸ்பெஷல் என்பார்கள், ஈயக் குண்டு 0.358 அங்குலம்தான். குழலின் உள்ளே சுழன்று ஓடும் பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ள விட்டத்தை விடக் குண்டு 0.001 அல்லது 0.002 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். ரைபிளில் பள்ள விட்டம் 0.308 என்றால் குண்டு 0.309 அல்லது 0.310. ஈயம் மிருது, குழல் எஃகு. வெடிமருந்தின் அழுத்தம் தள்ளும்போது குண்டு தானே அழுந்தி, பள்ளங்களை நிரப்பிக்கொண்டு வெளியேறுகிறது. நண்பர்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

குண்டு சிறிதாக இருந்தால்தான் ஆபத்து. .38 ஸ்பெஷலில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு வரை போகலாம். இடுக்கில் புகும் சூடான வாயு குண்டின் பக்கத்தை அரித்துவிடும். ஈயம் குழலில் ஒட்டிக்கொள்ளும், அடுத்தடுத்த குண்டுகள் கண்ட இடத்துக்குப் போகும்.

பழைய வாய்வழித் துப்பாக்கியில் பெரிய குண்டை மேலிருந்து திணிப்பது கஷ்டம். அதனால் 1853 மாடல் என்ஃபீல்டில் 0.577 அங்குலக் குழலுக்குச் சிறிய குண்டு போட்டார்கள். அடிப்பக்கம் குழிவாக இருப்பதால் வெடித்ததும் விரிந்து பள்ளத்தைப் பிடிக்கும். 1857 எழுச்சியில் பேசப்பட்ட கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா இதனுடையதுதான்.

ரிவால்வர்தான் சிக்கலான கேஸ். குண்டு முதலில் சிலிண்டர் அறையின் முன்வாயைக் கடந்து, ஒரு சிறு இடைவெளியைத் தாண்டி, பிறகே குழலுக்குள் நுழைகிறது. அந்த முன்வாய் 0.356, குழலின் பள்ளம் 0.357 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 0.358க்கு சைஸ் செய்தாலும் முன்வாயே அதை 0.356 ஆக்கி அனுப்பிவிடும்! குழலை மட்டும் அளந்து பயனில்லை. முன்வாய் பள்ளத்துக்குச் சமமாகவோ ஒரு துளி கூடுதலாகவோ இருக்க வேண்டும். குண்டை முன்வாய்க்கு ஏற்றபடி சைஸ் செய்ய வேண்டும். அறைகள் ஆறு என்றால் ஆறையும் அளக்க வேண்டும், ஒன்று போல் மற்றொன்று இருக்கும் என்பது நிச்சயமில்லை.

குழலை அளக்க, காலித் துப்பாக்கியில் மிருதுவான ஈயத் துண்டை எண்ணெய் தடவித் தட்டி உள்ளே அனுப்பி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் பிடிக்கிறார்கள். இதிலும் ஒரு வம்பு. ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் பொதுவாக ஐந்து பள்ளம். துண்டில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே மேடு இருக்காது, தாழ்வுதான். சாதாரண மைக்ரோமீட்டர் உண்மை விட்டத்தை விடக் குறைவாகக் காட்டும். அதற்கு ஐந்து வெட்டு ரீமரை அளக்கும் வி-ஆன்வில் மைக்ரோமீட்டர் வேண்டும்.