தவிர்க்கலாமா? தள்ளிப்போடலாமா? சுருக்கலாமா?
(கொள்ளைநோய்க் காலத்தில் இரத்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை)



கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் வியாதியஸ்தர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோக வேண்டும். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்களே. அதற்காகப் பேருந்துப் பயணம், காத்திருக்கும் அறை, துணைக்கு ஒருவர், தங்க ஓர் இடம் எல்லாம் தேவைப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது இந்த வந்துபோகுதலே ஆபத்தாயிற்று. நம் நாட்டில் மார்ச் மாதத்தில் பேருந்தும் இரயிலும் நின்றுபோயின. புற்றுநோயோ யாருக்காகவும் நிற்கவில்லை.

இவர்களுக்கு ஆபத்து அதிகம் ஏன்?

லுக்கேமியா, லிம்போமா, மைலோமா ஆகியவை இரத்தப் புற்றுநோய்களில் முக்கியமானவை. நோயை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்களே இவற்றில் கெட்டுப்போகின்றன. மருந்துகளும் கதிர்வீச்சும் மீதியுள்ள நல்ல அணுக்களையும் குறைக்கின்றன. தடுப்பூசி வந்த பின்பும், ரிட்டக்ஸிமாப் போன்ற மருந்து பெற்றவர்களில் பலருக்கு அது போதிய எதிர்ப்புச் சக்தியைத் தரவில்லை.

மூன்று கேள்விகள்

2020-இல் சர்வதேச லிம்போமா கதிர்சிகிச்சைக் குழுவின் மருத்துவர்கள் ‘பிளட்’ என்னும் மருத்துவ இதழில் அவசரகால ஆலோசனைகளை வெளியிட்டார்கள். அவற்றின் சாரம் மூன்று கேள்விகள்.

1. தவிர்க்கலாமா? மருந்தினாலேயே நோய் முற்றிலும் அடங்கி, கதிர்வீச்சினால் கிடைக்கும் கூடுதல் நன்மை சிறிதாயிருந்தால் அதை விட்டுவிடலாம்.

2. தள்ளிப்போடலாமா? மெதுவாக வளரும் லிம்போமா தொல்லை தராதிருந்தால், கவனமாய்ப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம்.

3. சுருக்கலாமா? கதிர்வீச்சை ‘கிரே’ என்னும் அலகால் அளக்கிறார்கள். மைலோமாவினால் எலும்பு வலியில் துடிப்பவருக்குப் பத்து நாட்களில் 30 கிரே கொடுப்பதற்குப் பதிலாக ஒரே தடவையில் 8 கிரே கொடுத்தாலும் வலி பெரும்பாலும் தணிகிறது. சிலருக்கு மறுபடியும் கொடுக்க நேரிடலாம். ஃபாலிக்குலர் லிம்போமாவுக்கு 12 தடவைகளில் 24 கிரே கொடுப்பதே நீண்டநாள் பலன் தரும். ஆனால் இரண்டே தடவைகளில் 4 கிரே கொடுத்தாலும் பலருக்குக் கட்டி சுருங்குகிறது. நெருக்கடியான வேளையில் இது பெரிய உதவி.

தாமதிக்கக் கூடாதவர்கள்

கட்டி முதுகுத் தண்டை நெருக்கினால் கால்கள் செயலிழந்து போகலாம். நெஞ்சிலுள்ள கட்டி மூச்சுக்குழாயை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து. இவர்களுக்கு எந்தக் கொள்ளைநோயும் சிகிச்சையை நிறுத்தக் காரணமாகாது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் சிலருக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சு தரப்படுகிறது. மூன்று நாட்களில், நாளுக்கு இரண்டு வேளையாக 12 கிரே கொடுப்பது ஒரு வழக்கமான முறை. இதன்பின் புதிய அணுக்கள் குறித்த நாளில் வந்தே ஆகவேண்டும். பயணத் தடையால் அவை வராமற்போகுமோ என்று அஞ்சி, தானமாகப் பெற்ற அணுக்களை முன்கூட்டியே உறையவைத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, பயத்தினால் தாமாகவே சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இடைவெளி விழுந்தால் புற்றணுக்கள் மீண்டும் பெருக இடமுண்டு. விடுபட்ட நாட்களை எப்படி ஈடுகட்டுவது என்பதை மருத்துவரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசர நிலையை முடித்தாலும், இவர்களுடைய பலவீனம் முடிந்துவிடவில்லை. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் இவர்களைப் பார்க்கப் போகாதிருப்பதே அன்பு. போக நேர்ந்தால் முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, ஓர் ஏழை வியாதியஸ்தருக்குப் பேருந்துக் கட்டணமும், ஆஸ்பத்திரிக்கு அருகில் தங்க ஓர் அறையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இயந்திரம் ஆயத்தமாயிருந்தும் அவர் வந்துசேர முடியாவிட்டால் என்ன பயன்? உதவி செய்கிற கரங்கள் இதையும் மறவாதிருக்கட்டும்.