தேயிலை மலையும் ஆசிரியர் மனமும்

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர் இழந்ததையே கணக்கிடுகிறோம். அது நியாயமே. ஆயினும் ஆசிரியரின் மனம் என்ன பட்டது என்பதையும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் அப்போது பணியாற்றியவன் என்ற முறையில் சொல்ல விழைகிறேன்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவு அடைபட்டது, பாடம் நிற்கவில்லை. இங்கே லயத்து வீடுகள் மலைமடிப்புகளுக்குள் இருப்பவை; பல இடங்களில் தொலைபேசி அலை எட்டாது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவுடன் தோட்டத்துக்குப் போய்விடும். அவர் திரும்பிய பிறகு பிள்ளைகள் முறைவைத்து எழுதிய பாடம், படமாக எங்களிடம் வந்து சேர இரவு பத்து மணியாகும். திருத்தி அனுப்பாமல் படுக்க மனம் வராது.

2021-இல் மாநிலம் கடக்கத் தடை இருந்தது. அக்டோபர் 11-இல்தான், தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்களுக்கு அது நீங்கியது. வெளிமாநில ஆசிரியர்கள் வாடகை அறையில் தனித்திருந்தார்கள். எங்களோடிருந்த ஓர் ஆசிரியை, கைப்பேசி ஒலித்தாலே திடுக்கிடுவார். நாங்களோ, "டீச்சருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பேசிக்கொண்டோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை விளக்கியது. பணிச்சோர்வு என்பது நோயன்று. தணிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு. ஆற்றல் வற்றும், வேலைமேல் கசப்பு வரும், 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம் மூளும். ஆசிரியரை அதிகம் அரிப்பது கடைசியில் சொன்னதே என்பது என் எண்ணம். வகுப்பில் பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் பாடம் இறங்கியதா என்று தெரியும். கைப்பேசியில் என்ன தெரியும்? இரண்டு நாள் விடுமுறையால் தீர்கிற சோர்வல்ல இது.

கொடையாளர் பலர் அந்நாளில் பிள்ளைகளுக்குக் கைக்கணினி வாங்கித் தந்தார்கள், பேரறம். அத்துடன் வெளியூர் ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறு போடுவதும், இரவு எட்டு மணிக்குமேல் அழைப்பதில்லை என்று பெற்றோர் சங்கம் முடிவெடுப்பதும் இன்றும் செய்யக்கூடியவை. மனம் மிகவும் தளர்ந்தவர் பேசுவதற்கென்று சுகாதார அமைச்சு 2022-இல் 15555 என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டுத் தரும் முகப்பில் அந்த எண்ணை எழுதி வைக்கலாம். ஓர் அட்டைச் செலவுதான்.