பார்த்ததை வரையட்டும்

எங்கள் பள்ளி அமைந்துள்ள ஈக்காட்டுத்தாங்கலின் பெயரிலேயே ‘தாங்கல்’ இருக்கிறது. நீரைத் தேக்கும் சிற்றேரி என்பது அதன் பொருள். ஆனால் எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தைத் தொடங்கியபோது, “நம்ம ஏரியாவுல குளமே இல்லையே மிஸ்” என்றனர் மாணவர்கள். பள்ளியில் அல்லி வளர்க்கும் சிமெண்ட் தொட்டியையே குளமாகக் கொண்டோம்.

மேலே உள்ள தெளிந்த நீரில் உயிரிகள் குறைவு. எனவே அல்லித் தண்டிலும் தொட்டிச் சுவரிலும் படிந்திருந்த பாசியைச் சுரண்டி, அடி வண்டலோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு எடுத்தோம். குழாய் நீரைக் கலக்கவில்லை. அதிலுள்ள குளோரின் இவ்வுயிரிகளைக் கொன்றுவிடும். கண்ணாடி நழுவத்தில் ஒரு சொட்டு விட்டு, வேகமாக நீந்துபவை சற்று நிற்பதற்காக இரண்டு மூன்று பஞ்சு இழைகளை வைத்தோம். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழ் சேராது. முதலில் குறைந்த உருப்பெருக்கத்திலும் பிறகு 100 மடங்கிலும் பார்த்தோம். முடிந்ததும் அனைவரும் சோப்பால் கை கழுவினோம்.

பார்த்ததை வரையச் சொன்னேன். பெரும்பாலோர் உட்கரு, உணவுக் குமிழ் எல்லாம் குறித்து அழகான பாரமீசியம் வரைந்திருந்தனர். முழு மதிப்பெண் அளித்தேன். ஒரு மாணவி மட்டும் நீண்ட காம்பில் மணி போன்ற ஒன்றை வரைந்து, ‘திடீர்னு சுருண்டுக்குது’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் கேள்விக்குறி இட்டேன்.

“மிஸ், நீங்களே வந்து பாருங்க” என்றாள். பார்த்தேன். வோர்டிசெல்லா! நுண்ணோக்கியை லேசாகத் தட்டியதும் அதன் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு, பின் மெல்ல நீண்டது. வகுப்பை நோக்கி, “உட்கருவைப் பார்த்தவர்கள் யார்?” என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. பாடநூல் படத்தைத்தான் வரைந்திருந்தார்கள். நானும் அதற்குத்தான் மதிப்பெண் போட்டிருந்தேன். கேள்விக்குறியை அடித்துவிட்டு, அவளிடம் வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன்.

1674இல் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹுக், ஏரி நீரில் கண்ட நுண்ணுயிரிகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பார்த்து எழுத அவரிடம் பாடநூல் ஏதுமில்லை.

இப்போது இச்செயல்பாட்டின்போது பாடநூலை மூடிவைக்கச் சொல்கிறேன். வடிவம், நிறம், அசைவு ஆகிய மூன்றையும் குறித்த பிறகே பெயரைத் தேடுகிறோம். பெயர் தெரியாவிட்டாலும் மதிப்பெண் உண்டு. பாட்டில் நீரை ஒரு வாரத்திற்குள் மண்ணில் ஊற்றிவிடுங்கள். இல்லையேல் அதில் கொசு உற்பத்தியாகிவிடும்.