வெம்பிளியில் விழுந்த விமானம்

அன்புள்ள அக்கா,

மகள் சிறு விமானம் ஓட்டப் பழகப் போகிறாள், கிளம்பிய கையோடு விழும் விமானங்களைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு நித்திரையே வருவதில்லை, அவளைத் தடுக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் குடியிருக்கும் வெம்பிளியிலேயே நடந்த ஒரு விபத்தை அவளுக்குச் சொல்லுங்கள்.

1912 டிசம்பர் 15. வெம்பிளி ஸ்டேடியம் எழுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முந்திய காலம். ஹென்டன் விமானத் திடலிலிருந்து ஒரு ஹேன்ட்லி பேஜ் விமானம் ஆக்ஸ்போர்டை நோக்கிக் கிளம்பியது. ஓட்டியவர் கடற்படை லெப்டினன்ட் வில்ஃப்ரெட் பார்க், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். பக்கத்தில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்க்கெல் ஹார்ட்விக். எஞ்சின் முழு வலுவைத் தரவில்லை. தாழப் பறந்த விமானம் வேகம் இழந்து வெம்பிளியில் விழுந்தது. இருவரும் இறந்தார்கள்.

என்னை உலுக்குவது பார்க் யார் என்பதுதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 25, சாலிஸ்பரி சமவெளியில் அவரோட்டிய ஆவ்ரோ விமானம் சுமார் 700 அடி உயரத்தில் கட்டுமீறிச் சுழலத் தொடங்கியது. அந்நாளில் இப்படிச் சுழன்றவர்கள் பிழைப்பது அபூர்வம். கட்டுப்பாட்டுக் கோலை இழுத்துப் பார்த்தார், பலனில்லை. சுழலும் பக்கமே சுக்கானைத் திருப்பினார், அதற்கும் பலனில்லை. தரை ஐம்பது அடி அளவுக்கு நெருங்கியபோது சுக்கானை எதிர்ப்பக்கம் முழுவதும் மிதித்தார். சுழற்சி சட்டென்று நின்றது, பத்திரமாக இறங்கினார். இறங்கியதும், தான் செய்ததை வரிசைப்படி சொல்லி வைத்தார். சுழலிலிருந்து மீள்வது எப்படியென்று விமானிகள் கற்றதில் அவருடைய சாட்சியத்துக்குப் பெரிய பங்குண்டு. அப்படிப்பட்டவர்தான் நான்கு மாதம் கூடக் கழியாமல் உங்கள் ஊரில் உயிரிழந்தார்.

வேகம் இழந்த விமானத்தை இப்படி விழவைக்கும் நிலைக்கு ஸ்டால் என்று பெயர். எஞ்சின் நிற்பது வேறு, ஸ்டால் வேறு, அக்கா. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், பெரும்பாலான சிறு விமானங்களில் அது 15 பாகைக்குச் சற்று மேலே, காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகிவிடும். தாங்கும் விசை சரிந்துவிடும். மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும். மூவாயிரம் அடியில் அது சாதாரணப் பயிற்சி. முந்நூறு அடியில் தரை கண்முன் எழும்பி வரும்போது, கை தானாகவே கோலைப் பின்னுக்கு இழுக்கும். இழுக்க இழுக்கக் கோணம் கூடும். கிளம்பிய திடலுக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசையும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும் விமானம், நேராகப் பறப்பதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலான வேகத்திலேயே ஸ்டாலாகிவிடும். எஞ்சின் வலுவில்லாதபோது அந்த வேகத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் மாணவரை ஓடுபாதையில் நிறுத்தி, எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கிறார்கள்: மூக்கைத் தாழ்த்துவேன், வேகத்தைக் காப்பேன், முன்னால் தெரியும் வெளியில் இறக்குவேன், திரும்ப மாட்டேன். அந்தத் தீர்மானம் தரையிலேயே எடுத்து முடிந்திருக்க வேண்டும். விமானம் நொறுங்கலாம், போகட்டும். கட்டுப்பாட்டோடு தரை தொடுகிறவருக்குப் பிழைக்க வழியுண்டு.

முதல் பாடத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பீர்கள், அதை எத்தனை தடவை பழக்குவீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் மகளை அங்கே விடுங்கள். மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி