588 ரூபாயில் போன பேங்க் லோன்

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வீடு ஆர்.கே.பேட்டையில். 2019-ல் கம்பெனி கேட் பக்கத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "சார், ஃப்ரீ கார்டு. ஒரு கையெழுத்து போதும்" என்றார். ஆதார், பான், சம்பளச் சீட்டு கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கார்டு வந்துவிட்டது. கிரெடிட் கார்டைத் தொட்டவன் உருப்படமாட்டான் என்று மச்சான் சொன்னார். பயந்துபோய் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு ரூபாய்க்குக்கூடத் தேய்க்கவில்லை.

எனக்கு அதிகம் செலவு வைத்த தப்பு அதுதான்.

ஃப்ரீ என்பது முதல் வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் விழுந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. 2020 ஊரடங்கில் கும்மிடிப்பூண்டி ரூமைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட்டேன். பழைய சிம்மையும் மாற்றினேன். பில் காலி ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டாத கட்டணத்துக்கு அபராதம், அதற்கு வட்டி, அதன்மேல் மறுபடி ஜிஎஸ்டி. 2022-ல் வசூல்காரர் என் புது நம்பரைக் கண்டுபிடித்தபோது பாக்கி 9,000-ஐத் தாண்டியிருந்தது. "3,000 கட்டுங்க சார், கணக்கை முடிச்சிடலாம்" என்றார். சண்டை போட்டுக் குறைத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கட்டினேன்.

மறு வருஷம் அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி போட 2 லட்சம் கேட்டு வங்கிக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் கடன் அறிக்கையில் அந்தக் கார்டுக்கு நேராக 'செட்டில்டு' என்று இருந்தது. முழுப் பாக்கியையும் கட்டினால்தான் 'குளோஸ்டு' என்று எழுதுவார்களாம். செட்டில்டு என்றால் குறைத்துக் கொடுத்தவன் என்று அர்த்தமாம். லோன் இல்லை. கடைசியில் ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினேன். மாதம் 6,000 வட்டி. வங்கியில் 12 சதவீதம் என்றால் 2,000-த்தோடு போயிருக்கும். 14 மாதம் கட்டினேன். 588 ரூபாய் கட்டணம் என்னிடம் 56,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டது.

இப்போது புதிய விதி இருக்கிறது. 30 நாளில் ஆக்டிவேட் செய்யாத கார்டுக்கு ஓடிபி மூலம் சம்மதம் கேட்கவேண்டும். நாம் சம்மதிக்காவிட்டால் 7 வேலை நாளில் காசு வாங்காமல் கணக்கை மூடவேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நாமே மூடச் சொல்லி எழுதிக்கொடுத்தாலும் அதே 7 வேலை நாள்தான். பாக்கி எதுவும் இல்லாதபோது தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தரவேண்டும். என் கார்டு வந்த காலத்தில் இதெல்லாம் இல்லை.

மீதிப் பாக்கியையும் கட்டி, நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கி, குளோஸ்டு என்று மாற்ற வைத்தேன். பிறகு எங்கள் வங்கியிலேயே 25,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்கினேன். முதல் கார்டு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த மாதிரிக் கார்டைத்தான். டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், சம்பளச் சீட்டும் கேட்கமாட்டார்கள். கேட் முன்னால் குடை போட்டவர் இதைச் சொல்லமாட்டார். அவருக்குக் கார்டுக்கு இவ்வளவு என்று கமிஷன்.

மற்றதெல்லாம் சுலபம். ஃப்ரீ என்றால் எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ரூம் மாறும், ஊர் மாறாது. ஊர் விலாசத்தையே கொடுங்கள். பெட்ரோல், ரீசார்ஜ் மாதிரி எப்படியும் செய்கிற செலவுக்கு மட்டும், லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் தேய்த்து, முழு பில்லையும் ஆட்டோ டெபிட்டில் விடுங்கள். மினிமம் டியூ மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்றரை வட்டிக்கு மேலேயும் ஓடலாம். ஊரில் மூன்று வட்டிக்கே நாம் முகம் சுளிக்கிறோம். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள், அன்றைக்கே வட்டி ஆரம்பித்துவிடும். நமக்கு 7-ஆம் தேதிதானே சம்பளம்? கெடு தேதி அதற்குப் பிறகு வருகிற மாதிரி பில் சுற்றை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மச்சான் இன்னும் கார்டு விஷம் என்றுதான் சொல்கிறார். போன வருஷம் பைக் லோனுக்குப் போனார். அவர் பெயரில் கடன் வரலாறே இல்லை என்று வட்டியைக் கூட்டிப் போட்டார்கள். 300-லிருந்து 900 வரை போகிற கடன் மதிப்பெண், கடனே வாங்காதவருக்கு விழுவதே இல்லை. என்னுடையது இப்போது 762.

நம் கடன் வரலாற்றை வைத்திருக்கிற சிபில் உட்பட நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள். உறை பிரிக்காத கார்டு ஏதாவது அங்கே கிடக்கலாம்.